வெள்ளம் வடியாத ஊருக்கு வந்த கோப்பை



டிசம்பர் பிறந்தால் போதும், நம் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் 2015 வெள்ளப் படங்கள் வலம் வர ஆரம்பித்துவிடும். சைதாப்பேட்டைப் பாலத்தைத் தொட்டுக்கொண்டு ஓடும் தண்ணீர், கோட்டூர்புரத்தில் முதல் மாடி வரை நிற்கும் தண்ணீர், படகில் உட்கார்ந்திருக்கும் பாட்டி. எல்லாம் உண்மை. எல்லாம் நாம் பார்த்தது. ஆனால் அதே டிசம்பரில் இந்த ஊரின் பெயரைத் தாங்கிய ஒரு கால்பந்து அணி இந்தியாவின் கோப்பையை வென்றது. அதை யாரும் நினைவுபடுத்துவதே இல்லை. சமூக அறிவியல் நடத்தியவள் என்ற முறையில் அதையும் எழுதி வைப்பது என் கடமை என்று தோன்றியது. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் கொஞ்சம் முன்கதை.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டு என்றாலே கிரிக்கெட்தான். சேப்பாக்கம் பக்கத்தில் இருக்கிறது, தெருவுக்குத் தெரு மட்டை இருக்கிறது. ஆனால் சென்னைக்குக் கால்பந்து புதிதல்ல. நம் நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920இல் தொடங்கியவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு இந்திய அணியை அழைத்துச் சென்றவரும் அவரே. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் விசில் ஊதிய பி.டி. வாத்தியார்கள் எத்தனையோ பேர் அந்த மைதானத்தில் பயின்று வந்தவர்கள். கல்லூரிகள், ரயில்வே, ஐ.சி.எஃப்., வங்கிகள், சுங்கத்துறை என்று அணிகள் இருந்தன. விளையாட்டில் பேர் வாங்கினால் வேலை கிடைக்கும் என்பதற்காகவே பந்தை உதைத்த குடும்பங்கள் வட சென்னையில் உண்டு. வியாசர்பாடிக்குக் குட்டி பிரேசில் என்றே பெயர். நம் பக்கத்திலும் நொச்சிக்குப்பம் முதல் ஊரூர்க்குப்பம் வரை மணலில் வெறுங்காலோடு பந்து விளையாடும் பிள்ளைகளைக் காலையில் நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

பெரியமேட்டில் உள்ள நேரு விளையாட்டரங்கமும் அப்படித்தான். முன்பு அதற்கு கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்று பெயர். 1956 ஜனவரியில் வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது அங்கேதான். 2008 வரை அந்த உலக சாதனையை யாரும் தாண்டவில்லை. பிறகு அந்த இடம் புதிதாகக் கட்டப்பட்டு, 1993இல் நேரு கோப்பைக் கால்பந்துப் போட்டியும், 1995இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளும் நடந்தன. அதன்பின் பல வருடங்கள் பெரிய கூட்டம் எதுவும் அந்தப் பக்கம் போகவில்லை.

2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியது. 8 ஊர்களுக்கு 8 அணிகள். சென்னைக்கு வந்த அணியின் பெயர் சென்னையின் எஃப்.சி. நடிகர் அபிஷேக் பச்சன் ஓர் உரிமையாளர், பிறகு தோனியும் சேர்ந்தார். பயிற்சியாளராக வந்தவர் இத்தாலியின் மார்கோ மாத்தராஸி. பெயர் தெரியாவிட்டாலும் ஆளை உங்களுக்குத் தெரியும். 2006 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஜிடேன் தலையால் மார்பில் முட்டினாரே, அந்த முட்டை வாங்கியவர் இவர்தான். அதே போட்டியில் இத்தாலிக்காக கோல் அடித்தவரும் இவரே.

முதல் வருடம் லீக் சுற்றில் சென்னைதான் முதலிடம். பிரேசிலின் எலானோ 8 கோல் அடித்தார். ஆனால் அரையிறுதியில் கொச்சியில் கேரளத்திடம் 0-3 என்று தோல்வி. சென்னையில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் 3 கோல் அடித்துக் கணக்கைச் சமன் செய்தார்கள். கூடுதல் நேரம் முடியப்போகும் சமயத்தில் கேரளம் ஒரு கோல் போட்டுவிட்டது. வருடம் முழுக்க முதல் ரேங்க் வாங்கிய பிள்ளை முழுப் பரீட்சையில் கோட்டை விட்ட மாதிரி ஆயிற்று.

2015 அதற்கு நேர் எதிர்.

அக்டோபர் 3ஆம் தேதி சீசனின் முதல் ஆட்டமே சென்னையில்தான். முந்தைய வருடக் கோப்பையை வென்ற கொல்கத்தா அணியிடம் 2-3 என்று தோற்றார்கள். சில நாளில் கோவாவுக்குப் போய் அங்கே 4-0 என்று வென்றார்கள். கொலம்பியாவைச் சேர்ந்த ஸ்டீவன் மென்டோசா ஹாட்ரிக் அடித்தார். இதோ எழுந்துவிட்டார்கள் என்று நினைக்கும்போதே மறுபடி சறுக்கல். மொத்தம் 14 லீக் ஆட்டங்கள். அதில் 10 முடிந்தபோது வெறும் 10 புள்ளிகள். பட்டியலில் கடைசி இடம். முதல் 4 இடம் பிடித்தால்தான் அரையிறுதி. மீதி 4 ஆட்டங்களையும் ஜெயித்தால் ஒருவேளை வழி பிறக்கலாம் என்ற நிலை.

இந்த இடத்தில் அணியை விட்டுவிட்டு வானத்தைப் பார்க்க வேண்டும்.

அந்த வருடம் பசிபிக் கடலில் எல் நினோ மிக வலுவாக இருந்தது. எல் நினோ என்றால் தென்மேற்குப் பருவமழை குறையும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். நமக்கு மழை தரும் வடகிழக்குப் பருவமழையோ அப்படிப்பட்ட வருடங்களில் பெரும்பாலும் கூடும். 2015இல் தீபாவளிக்கு முன்பே பிடித்த மழை விடவில்லை. நுங்கம்பாக்கத்தில் நவம்பர் மாதம் மட்டும் பதிவான மழை சுமார் 105 சென்டிமீட்டர். அதற்கு முன் ஒரு நவம்பரில் இதைவிட அதிகம் பெய்தது 1918இல்தான். ஏரிகள் நிறைந்தன. மண்ணுக்கு இனி குடிக்க முடியாது என்ற அளவு ஈரம். பள்ளிகள் மூடியது மூடியபடி.

அந்த மழை மாதத்தில்தான் அணி விழித்துக்கொண்டது. நவம்பர் 21ஆம் தேதி கேரளத்தை 4-1 என்று வென்றார்கள். மென்டோசாவுக்கு மறுபடி ஹாட்ரிக். 24ஆம் தேதி டெல்லியை 4-0. பிறகு மீதி இரண்டிலும் வெற்றி. கடைசி இடத்தில் கிடந்த அணி 22 புள்ளிகளோடு மூன்றாம் இடத்துக்கு ஏறி அரையிறுதிக்குள் நுழைந்தது. ஆனால் அதைக் கொண்டாடும் நிலையில் ஊர் இல்லை.

டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. அன்று காலை தொடங்கி மறுநாள் காலை வரை 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47, மீனம்பாக்கத்தில் 34, நுங்கம்பாக்கத்தில் 29. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. வழியில் நிரம்பி வழிந்த சிற்றேரிகளின் நீரும் சேர்ந்துகொண்டது. அடையாறு மொத்தமே சுமார் 42 கிலோமீட்டர் நீளமுள்ள ஆறு. வருடத்தில் பாதி நாள் சாக்கடை என்று மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடப்போம். அன்று இரவு அது ஆறாகவே வந்தது. ஜாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், எம்.ஜி.ஆர். நகர், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று தன் பழைய இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கியது. குடிசையும் போனது, கார் நிறுத்திய அடுக்கு மாடியின் கீழ்த்தளமும் போனது.

மின்சாரம் இல்லை. செல்போன் இல்லை. விமான நிலையத்தின் ஓடுதளத்தில் தண்ணீர், பல நாள் மூடல். 1878இல் தொடங்கிய 'தி இந்து' நாளிதழ் டிசம்பர் 2ஆம் தேதி அச்சாகவில்லை. மறைமலைநகர் அச்சகத்துக்கு ஆட்கள் போய்ச் சேர முடியவில்லை. அந்தப் பத்திரிகையின் சரித்திரத்தில் அப்படி நேர்ந்தது அதுவே முதல் முறை. அந்தப் பருவமழையில் தமிழ்நாட்டில் உயிரிழந்தோர் 400க்கும் மேல்.

ராணுவமும் பேரிடர் மீட்புப் படையும் வந்தார்கள். அவர்களோடு, கடலோரக் குப்பங்களிலிருந்து மீனவர்கள் தங்கள் பைபர் படகுகளை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து தெருக்களில் இறக்கினார்கள். யார் யாரென்று கேட்கவில்லை. வீட்டு வாசலில் படகைக் கட்டி, வயதானவர்களைத் தோளில் தூக்கி இறக்கினார்கள். கல்யாண மண்டபங்களும் கோயில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் சமையல் கூடங்களாயின. தண்ணீர் வடிந்ததும் குப்பையும் சேறும் மலை மலையாகக் கிடந்தன. அதை அள்ள மற்ற மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் தூய்மைப் பணியாளர்கள் வந்தார்கள். அவர்கள் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது.

இந்த நிலையில் அரையிறுதி வந்தது.

அரையிறுதி என்பது இரண்டு ஆட்டம். ஒன்று நம் ஊரில், ஒன்று எதிரணி ஊரில். நம் ஊர் ஆட்டம் டிசம்பர் 12ஆம் தேதி நடக்க வேண்டும். எதிரணி அதே கொல்கத்தா. சென்னையில் அதை நடத்த முடியாது என்பது சொல்லாமலே விளங்கும். ஆட்டத்தை மகாராஷ்டிரத்தில் உள்ள புனே நகரின் பாலேவாடி அரங்கத்துக்கு மாற்றினார்கள். உள்ளூர் ஆட்டம் என்று பெயர், உள்ளூர் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். மஞ்சளும் நீலமுமாக நேரு அரங்கத்தில் மேளம் அடிக்கும் சூப்பர் மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் புளூஸ் ரசிகர் கூட்டத்தில் பெரும்பாலோருக்கு அந்த வாரம் வீட்டைக் கழுவும் வேலை இருந்தது.

புனேயில் சென்னை 3-0 என்று வென்றது. பிரேசிலின் புரூனோ பெலிசாரி ஒன்று, மிசோரமின் ஜேஜே லால்பெக்லுவா ஒன்று, மென்டோசா ஒன்று. நான்கு நாள் கழித்துக் கொல்கத்தாவில் 1-2 என்று தோற்றார்கள். மொத்தக் கணக்கில் 4-2, இறுதிப் போட்டி உறுதி. கொல்கத்தாவில் சென்னைக்காகக் கடைசி நேரத்தில் கோல் அடித்தவர் எத்தியோப்பியாவின் பிக்ரு. முந்தைய வருடம் அவர் கொல்கத்தா அணிக்காக ஆடியவர் என்பது ஒரு வேடிக்கை.

அந்த இரண்டு ஆட்டங்களுக்கும் நடுவேதான் சென்னைப் பள்ளிகள் ஏறக்குறைய ஒரு மாதம் கழித்துத் திறந்தன. அப்போது நான் ஆற்றங்கரைக்குப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் 8ஆம் வகுப்புக்கு ஆசிரியை. முதல் நாள் வந்தவர்களில் பாதிப் பேருக்குப் புத்தகம் இல்லை, சீருடை இல்லை. அரையாண்டுத் தேர்வை ஜனவரிக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். அன்றைக்குப் பாடம் நடத்தி என்ன பயன்? பேச்சை மாற்றலாம் என்று, "நம்ம டீம் ஜெயிச்சிருக்கு, தெரியுமா?" என்றேன். பின் வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து கேட்டான்: "நம்ம டீமுன்னு சொல்றீங்களே டீச்சர், மேட்ச்சு நம்ம ஊர்ல இல்ல. கோல் போட்டவங்கள்ல ஒருத்தருகூட நம்ம ஊரு இல்ல. அப்புறம் எப்படி டீச்சர் நம்ம டீம்?"

நல்ல கேள்வி. கேலியாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அந்த அணியை எண்ணிப் பாருங்கள். மெஹ்ராஜுதீன் வாடூ காஷ்மீர்க்காரர். ஹர்மன்ஜோத் கப்ரா பஞ்சாப். தோய் சிங், தனச்சந்திர சிங் இருவரும் மணிப்பூர். ஜேஜே மிசோரம். பெர்னார்ட் மென்டி பிரான்ஸ். மைல்சன், ரஃபேல் அகஸ்டோ, பெலிசாரி, எலானோ பிரேசில். பயிற்சியாளர் இத்தாலி. இவர்களில் யாருக்கும் கோட்டூர்புரம் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரிந்திருக்காது. அன்று நான் அவனுக்கு, "சட்டையில நம்ம ஊர் பேர் இருக்கில்லப்பா" என்றேன். அந்தப் பதில் அவனுக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை. மீதிப் பதிலைப் பின்னால் சொல்கிறேன்.

இறுதிப் போட்டி டிசம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை, கோவாவின் பத்தோர்டா அரங்கம். எதிரணி கோவாவேதான். அவர்கள் ஊர், அவர்கள் கூட்டம். அவர்களின் பயிற்சியாளர் பிரேசிலின் ஜிகோ, உலகம் கொண்டாடிய ஆட்டக்காரர். இங்கே மறுநாள் வைகுண்ட ஏகாதசி. திருவல்லிக்கேணியில் சொர்க்கவாசல் சேவிக்கக் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்த இரவு.

முதல் பாதியில் கோல் இல்லை. 54ஆவது நிமிடம் சென்னைக்கு பெனால்டி. பெலிசாரி உதைத்தார், கோவா கோல்கீப்பர் லக்ஷ்மிகாந்த் கட்டிமணி தடுத்தார், திரும்பி வந்த பந்தை பெலிசாரியே வலைக்குள் தள்ளினார். 1-0. நான்கே நிமிடத்தில் ஹாவ்கிப் அடித்து கோவா 1-1. சற்று நேரத்தில் மறுபடி சென்னைக்கு பெனால்டி. இந்த முறை மென்டோசா உதைக்க, கட்டிமணி அதையும் தடுத்துவிட்டார். 87ஆவது நிமிடம் ஜோஃப்ரே அடித்த கோலில் கோவா 2-1 என்று முன்னே போனது. அரங்கம் அதிர்ந்தது. மீதி 3 நிமிடம். பலர் டிவியை அணைத்திருப்பார்கள்.

90ஆவது நிமிடம், சென்னையின் தாக்குதலைத் தடுக்கப் போன கட்டிமணியின் கையில் பட்டுப் பந்து அவர் வலைக்குள்ளேயே விழுந்தது. 2-2. கோவாக்காரர்கள் தலையில் கை வைத்து நிமிர்வதற்குள், கூடுதலாகக் கொடுத்த நேரத்தின் இரண்டாவது நிமிடத்தில் மென்டோசா அடித்தார். 3-2. லீக்கில் அவருடைய 13ஆவது கோல். அந்த வருடம் எல்லோரையும்விட அதிகம் அடித்தவர் அவர். விசில் ஊதியபோது 10 ஆட்டம் வரை கடைசி இடத்தில் இருந்த அணியின் கையில் கோப்பை.

கட்டிமணியை மறந்துவிடாதீர்கள். ஒரே ஆட்டத்தில் இரண்டு பெனால்டிகளைத் தடுத்த மனிதரைத் தன் கையாலேயே கோல் போட்டவர் என்றுதான் ஊர் பேசியது. 6 வருடம் கழித்து, 2022 மார்ச் 20ஆம் தேதி, அதே பத்தோர்டா அரங்கத்தில் மறுபடி ஓர் இறுதிப் போட்டி. கட்டிமணி அப்போது ஐதராபாத் அணியின் கோல்கீப்பர். கேரளத்துக்கு எதிரான ஆட்டம் பெனால்டிக்குப் போனது. மூன்று பெனால்டிகளைத் தடுத்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். ஒரு பரீட்சையில் தவறியதால் வாழ்க்கை முடிந்தது என்று நினைக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இவர் கதையைச் சொல்லுங்கள்.

சரி, பின் வரிசைப் பையனின் கேள்விக்கு வருவோம். யார் நம்மவர்?

அந்த மூன்று வாரம் சென்னையைத் தாங்கியவர்களில் பெரும்பாலோர் அந்தந்தத் தெருவைச் சேர்ந்தவர்கள் அல்ல. கோட்டூர்புரத்தில் படகு ஓட்டியவர் கோட்டூர்புரவாசி அல்ல. சைதாப்பேட்டையில் சேறு அள்ளியவர் பல நூறு கிலோமீட்டர் தள்ளி வேறொரு ஊரிலிருந்து வந்தவர். கயிறு கட்டி இழுத்த ராணுவ வீரருக்குத் தமிழே தெரியாது. அப்போது எந்த வீட்டிலும் "நீ எந்த ஊர்?" என்று கேட்கவில்லை. கை நீட்டினார்கள், பிடித்துக்கொண்டோம். ஊர்ப் பெயர் எழுதிய சட்டையைப் போட்டுக்கொண்டு, ஊரில் ஆட இடமில்லாமல், வேறொரு ஊரில் நின்று கடைசி நிமிடம் வரை ஆடிய மிசோரம் பையனும் மணிப்பூர்ப் பையனும் நம்மவர்கள் ஆகாமல் எப்படி இருப்பார்கள்? நமக்கு வேண்டிய நேரத்தில் யார் நமக்காக நிற்கிறாரோ அவர் நம்மவர். பிறந்த ஊர் அதற்குப் பிறகுதான்.

இப்படி நடப்பது நமக்கு மட்டுமல்ல. 2007இல் போரில் சிதைந்து கிடந்த ஈராக், சொந்த நாட்டில் ஓர் ஆட்டம்கூட நடத்த முடியாத நிலையில், ஜகார்த்தாவில் சவூதி அரேபியாவை 1-0 என்று வென்று ஆசியக் கோப்பையை எடுத்தது. ஷியா, சன்னி, குர்து என்று பிரிந்து கிடந்தவர்கள் ஒரே அணியில் ஆடினார்கள். 2011 மார்ச்சில் சுனாமி அடித்த ஜப்பானின் பெண்கள் அணி, அதே ஜூலையில் அமெரிக்காவைத் தோற்கடித்து உலகக் கோப்பையை வென்றது. நம் ஊரிலேயே இன்னொன்று உண்டு. 2018 ஏப்ரலில் காவிரிப் பிரச்சினையில் போராட்டங்கள் நடந்தபோது, சென்னை சூப்பர் கிங்ஸ் அணி சேப்பாக்கத்தில் ஒரே ஓர் ஆட்டம் ஆடிவிட்டு மீதி உள்ளூர் ஆட்டங்களுக்குப் போனதும் புனேவுக்குத்தான். அந்த வருடமும் கோப்பை சென்னைக்கே. வீடு இழந்த சென்னை அணிகளை இரண்டு முறை தாங்கிய ஊர் என்று புனேவுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

அதே 2018 மார்ச்சில் சென்னையின் எஃப்.சி. பெங்களூரு அணியை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று வென்று இரண்டாவது முறை கோப்பை வாங்கியது. அந்த அணியின் நடுக்களத்தில் வியாசர்பாடியின் தனபால் கணேஷ் இருந்தார். "ஒருத்தருகூட நம்ம ஊரு இல்ல" என்ற குறையும் கொஞ்சம் தீர்ந்தது.

இத்தோடு முடித்தால் கதை இனிப்பாக முடியும். ஆனால் வரலாற்றை இனிப்பான இடத்தில் நிறுத்தக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான்.

கோப்பை யாருடைய வீட்டையும் திருப்பித் தரவில்லை. அணி அடுத்த வருடமே நேரு அரங்கத்துக்குத் திரும்பிவிட்டது. ஆற்றங்கரையில் குடிசை போட்டு வாழ்ந்த குடும்பங்கள் பல திரும்பவே இல்லை. சைதாப்பேட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, பெரும்பாக்கத்திலும் மற்ற இடங்களிலும் அடுக்கு மாடிக் குடியிருப்புகளில் அவர்களுக்கு வீடு ஒதுக்கினார்கள். மழைக்கு ஒழுகாத கூரை கிடைத்தது, உண்மை. ஆனால் வீட்டு வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் மீன் விற்கவும் நடந்தே போய் வந்தவர்களுக்கு வேலை ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் ஆயிற்று. ஆற்றை அகலப்படுத்தியாக வேண்டும், கரையில் யாரும் இருக்கக் கூடாது என்பதில் நியாயம் இருக்கிறது. அதே கரையில் எழும்பிய பெரிய கட்டடங்கள் எத்தனை இடம் பெயர்ந்தன என்ற கேள்வியிலும் நியாயம் இருக்கிறது.

வகுப்பறையிலிருந்து பார்த்தால் அது எப்படி இருந்தது தெரியுமா? படிப்பு பாதியில் இருக்கும்போதே ஒவ்வொருவராக வந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனார்கள். வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் கோடு இழுத்துக்கொண்டே இருந்தேன். சிலர் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து வந்து அந்த வருடத்தை முடித்தார்கள். சிலர் எங்கே சேர்ந்தார்கள், சேர்ந்தார்களா என்றே தெரியவில்லை. கேள்வி கேட்ட பையனும் அந்தக் கோட்டுக்குக் கீழே போனவர்களில் ஒருவன்.

நமக்காக நின்றவர் நம்மவர் என்றேன். அதற்கு மறுபக்கமும் உண்டு. நாம் யாருக்காக நின்றோம்? வெள்ளம் வந்த வாரம் நம் வீட்டு வாசலில் படகு கட்டியவரை நம்மவர் என்றோம். வெள்ளம் வடிந்து அவரைப் போன்றவர்களை ஊருக்கு வெளியே அனுப்பியபோது எத்தனை பேர் அதே வார்த்தையைச் சொன்னோம்? அரங்கத்தில் மஞ்சளும் நீலமும் அணிந்து கத்துவது எளிது. நம் வீட்டு வேலைக்கு வரும் அம்மா எத்தனை மணிக்கு எழுந்து எத்தனை பஸ் மாறி வருகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது கொஞ்சம் கடினம். 2015ஐ நினைக்கும்போது இரண்டையும் சேர்த்தே நினைப்போம்.

மருமகன்கள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் கிரிக்கெட் அட்டவணையை மனப்பாடமாகச் சொல்கிறீர்கள். ஒரு முறை நேரு அரங்கத்துக்கும் போய் வாருங்கள். போகும் வழியில் சைதாப்பேட்டைப் பாலத்தில் பிள்ளைகளுக்கு ஆற்றைக் காட்டி, 2015இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று சொல்லுங்கள்.

2015-16இல் என்னிடம் 8ஆம் வகுப்புப் படித்தவர்கள் இப்போது இருபது வயதைத் தாண்டியிருப்பீர்கள். வருடத்தின் நடுவே போனவர்களின் தொலைபேசி எண் உங்களில் யாரிடமாவது இருந்தால், இந்தப் பதிவை அவர்களுக்கு அனுப்புங்கள். எங்கே இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். போதும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்